ஈறையும் பாருங்கள்: திருநெல்வேலி மாவட்ட நிர்வாகத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திருநெல்வேலி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும், மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும், அரசு மருத்துவமனைகளின் பொறுப்பில் உள்ள மருத்துவ அலுவலர்களுக்கும்,

வணக்கம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரத்தில் பல ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்த்து வருபவள் நான். நம் மாவட்டத்தில் வீடு தேடிச் சென்றும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நடக்கும் வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையில் ஈறும் பார்க்கப்பட வேண்டும், பார்த்தது பதிவாக வேண்டும், பதிவானதன் மேல் நடவடிக்கை இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். புதிய கட்டடமோ விலை உயர்ந்த கருவியோ நான் கேட்கவில்லை. ஏற்கெனவே வாயைத் திறக்கச் சொல்லும் பணியாளர் இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்பதே வேண்டுகோள். அந்த ஒரு நிமிடம் எதற்கு என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஈறு நோயை யாரும் நோய் என்று சொல்லி வருவதில்லை. "ஈறு கரையுது", "பல்லு ஆடுது", "துலக்கும்போது ரத்தம் வருது" என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் "பயோரியா" என்பார்கள். வயதானால் பல் விழத்தான் செய்யும் என்ற எண்ணம் ஆழப் பதிந்திருப்பதால், வலி பொறுக்க முடியாமல் போகும்வரை யாரும் மருத்துவரிடம் போவதில்லை. ஆனால் வயதானதால் மட்டும் பல் ஆடுவதில்லை. பல்லுக்கும் ஈறுக்கும் இடையே படியும் கிருமிப் படலம் காரையாக இறுகி, அதை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது, பல்லைப் பிடித்து நிற்கும் எலும்பே உள்ளுக்குள் கரைந்து போகிறது. வெள்ளம் மண்ணை அரித்துப் போன பின் வேர் தெரிய நிற்கும் தாமிரபரணிக் கரை மருத மரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த நிலையை விளக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு அறிக்கையில், உலகெங்கும் நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கடுமையான ஈறு நோய் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளது.

இந்த நோய் பல்லோடு நின்றுவிடுவதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி. அமெரிக்காவின் பஃபலோ நகரில் உள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தின் நோயாளிகளை வைத்து நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. பல்லைத் தாங்கும் எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எக்ஸ்ரே படத்தில் அளந்து, புற்றுநோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு மில்லிமீட்டர் எலும்பு இழப்புக்கும் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயின் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. புகைப்பழக்கம், மது, வயது, இழந்த பற்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கில் கழித்த பின்னும் இந்தத் தொடர்பு நின்றது. வாய்க்குள் வரும் புற்றில் அது மிக வலுவாகவும், அடுத்துத் தொண்டையிலும், அதற்கடுத்துக் குரல்வளையிலும் காணப்பட்டது. ஈறு நோய் உள்ளவர்களுக்கு வந்த வாய்ப்புற்று, வேகமாகப் பரவக்கூடிய முதிராத உயிரணு வகையாக இருப்பதும் அதிகமாக இருந்தது.

ஒரே மருத்துவமனையின் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில் எண்கள் பெரிதாகத் தெரிவது உண்டு. அதனால் அதை மட்டும் நம்பி நான் எழுதவில்லை. பல நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளை ஒன்று சேர்த்து, ஏறத்தாழ 8,900 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2016இல் வெளியான பகுப்பாய்வில், தினமும் பல் துலக்குகிறவர்களிடமும், ஆண்டுக்கு ஒருமுறையாவது பல் மருத்துவரைப் பார்க்கிறவர்களிடமும், ஈறு நோய் இல்லாதவர்களிடமும், ஐந்துக்கும் குறைவான பற்களையே இழந்தவர்களிடமும் இந்தப் புற்று குறைவாகவே இருந்தது தெரிந்தது. வேறுபாடு மடங்குக் கணக்கில் இல்லை. ஆனாலும் எல்லா அளவுகோல்களும் ஒரே திசையைக் காட்டின.

என் மனத்தில் ஆழப் பதிந்தது 2024இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ மைய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு. நலமாக இருந்த 1,59,840 பேரிடம் வாய் கொப்பளித்த நீரை வாங்கிச் சேமித்து வைத்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். அவர்களில் 236 பேருக்குத் தலை, கழுத்துப் புற்று வந்தது. பழைய நீரை எடுத்துப் பரிசோதித்தபோது, குறிப்பிட்ட 13 வகைக் கிருமிகள் இருந்தவர்களுக்குப் பின்னாளில் புற்று வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. புற்று வந்ததால் வாய் கெட்டதா, வாய் கெட்டதால் புற்று வந்ததா என்ற நெடுநாள் கேள்விக்கு, கிருமிகள் முன்பே அங்கே இருந்தன என்ற பதில் இதில் கிடைக்கிறது. ஈறு நோயே நேரடியாகப் புற்றை உண்டாக்குகிறது என்று இன்னும் நிறுவப்படவில்லை; ஈறு நோய் உள்ள வாயைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பதற்கு இருக்கும் சான்றுகளே போதும்.

இது நடக்கும் வழிகளும் ஓரளவு புரிந்திருக்கின்றன. ஈறு பல்லை விட்டு விலகுவதால் உண்டாகும் ஆழ்பைகளில் குடியிருக்கும் போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற கிருமி ஈறின் மேல்தோல் உயிரணுக்களுக்குள் நுழைந்து, பழுதான உயிரணு தானாக மடியும் இயல்பைத் தடுக்கிறது. ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற மற்றொன்று உயிரணுவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சிக்கான சமிக்ஞைகளைத் தூண்டிவிடுகிறது. மது குடிப்பவரின் வாயில் உள்ள கிருமிகள் சாராயத்தை அசிட்டால்டிஹைடு என்ற புற்றுநோய்க் காரணியாக மாற்றுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறாத அழற்சி இருக்கும் இடத்தில் திசு ஓயாமல் அழிந்து அழிந்து வளர்கிறது; அந்த இடத்தில் புகையிலையும் பாக்கும் நாள் முழுவதும் படிந்திருந்தால் என்ன ஆகும் என்பதை மருத்துவம் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர்களின் நிலைமை தனியானது. முக்கூடல், வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, பாப்பாக்குடி, மேலப்பாளையம் என்று எங்கே போனாலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். தூளின் நெடி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. புகையிலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பல்வலி என்றால் ஒரு துணுக்குப் போயிலையை எடுத்து அந்தப் பல்லோரம் அதக்கிக்கொள்வது தலைமுறை தலைமுறையாக இருக்கும் கைவைத்தியம். வலி மரத்துப் போவதால் அது மருந்து என்றே நம்புகிறார்கள். ஈறு நோயால் தொடங்கும் வலி இப்படித்தான் ஒரு பெண்ணைப் புகையிலைக்குப் பழக்குகிறது. வலி போன பின்னும் பழக்கம் போவதில்லை. எந்த ஈறு முதலில் கெட்டதோ அதே ஈறின் மேல்தான் புகையிலை ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. புகையிலை சேர்த்த வெற்றிலை மட்டுமல்ல, புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும், வெறும் பாக்கும்கூடப் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்துவிட்டது. குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013 முதல் மாநிலத்தில் தடை இருந்தாலும், வீட்டு வெற்றிலைச் செல்லத்தில் இருக்கும் புகையிலையைத் தடை எட்டுவதில்லை.

ஆண்கள் பக்கம் இன்னொரு சிக்கல். பீடி, சிகரெட் புகைப்பவரின் ஈறில் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால், உள்ளே எலும்பு பாதி கரைந்திருந்தாலும் துலக்கும்போது இரத்தம் வராமல் இருக்கலாம். "எனக்கு ரத்தமே வராது, என் ஈறு கெட்டி" என்று சொல்லும் ஐம்பது வயதுக்காரர்தான் பல நேரங்களில் அதிகம் கெட்டுப்போன வாயோடு வருகிறார். ஆகவே இரத்தம் வருகிறதா என்று கேட்பதோடு நின்றுவிட்டால், யாரைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அவரையே தவறவிட்டுவிடுவோம்.

இனி நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். முக்கூடல் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா வந்தார். இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் ஆடுகிறது என்றார். "யம்மா, இதப் புடுங்கி மட்டும் விட்டுருங்க. நாளைக்குப் பீடி கடைக்குக் கொண்டுபோகணும், நெறைய நேரம் உக்கார முடியாது" என்று நாற்காலியில் ஏறும்போதே சொன்னார். வாயைத் திறந்தால், ஆடும் பல்லுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பல் எடுத்த குழி. எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது, குழி மூடவில்லை. விளிம்பில் ஈறு தடித்து, பொடிப் பொடியாகச் சொரசொரத்து, பஞ்சு பட்டவுடன் கசிந்தது. எக்ஸ்ரேயில் பல்லைச் சுற்றி எலும்பு ஒழுங்கற்று அரிக்கப்பட்டிருந்தது; ஈறு நோயில் எலும்பு குறையும்போது இப்படி இருக்காது. பல்லில் கை வைக்காமல், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சதைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஈறுப் புற்றுதான். தாடை எலும்பின் ஒரு பகுதியையும் சேர்த்தே எடுக்க வேண்டியதாயிற்று. முதல் பல் எடுத்த இடத்தில், எடுப்பதற்கு முன்போ குழி ஆறாத இரண்டாம் வாரத்திலோ யாராவது நிதானமாகப் பார்த்திருந்தால் எலும்பு மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு.

இது அந்த ஓர் அம்மாவுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. ஈறில் தோன்றும் புற்றின் இயல்பே இதுதான். அது ஈறு நோயின் வேடத்திலேயே வருகிறது. வீக்கம், இரத்தக் கசிவு, பல் ஆட்டம் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். ஈறுக்கு அடியில் சதை மிகக் குறைவு. சில மில்லிமீட்டர்களில் எலும்பு வந்துவிடும் என்பதால், கன்னத்தில் வரும் புற்றைவிட இது விரைவில் எலும்பைத் தொட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, நாம் பிடுங்கும் பல்லின் குழியே அது உள்ளே இறங்க வழியாகிவிடுகிறது.

இப்போது நடக்கும் பரிசோதனையைப் பற்றிச் சொல்கிறேன். 30 வயதைக் கடந்தவர்களுக்கான தேசியப் பரிசோதனைத் திட்டத்தின் மதிப்பீட்டுப் படிவத்தில், வாய் திறப்பதில் சிரமம், இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், குரல் மாற்றம் ஆகியவை கேட்கப்படுகின்றன. நல்ல கேள்விகள். ஆனால் ஈறுக்கோ, ஆடும் பல்லுக்கோ, பல் எடுத்த குழிக்கோ அதில் தனியாக ஒரு கேள்வி இல்லை. கேள்வி இல்லாததால் கண்ணும் அங்கே போவதில்லை. முகாம்களில் நான் பார்த்தவரை, டார்ச் ஒளி நாக்குக்கும் இரண்டு கன்னங்களுக்கும் போகிறது. உதட்டை விலக்கி ஈறைப் பார்ப்பவர் அரிது. வெற்றிலைக் கறை படிந்த வாய் என்றால் அதுவும் சுருங்கிவிடுகிறது.

வெறும் கண்ணால் பார்ப்பதில் என்ன பயன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நமக்கு அடுத்த திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கி, 13 ஊராட்சிகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஏழு ஊராட்சிகளில் மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்தார்கள். ஆறு ஊராட்சிகள் ஒப்பீட்டுக்கு விடப்பட்டன. 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் வெளிச்சமும் கண்ணும் செய்ததை இந்தப் பக்கமும் செய்ய முடியும். ஈறையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் நன்றாகவே செய்ய முடியும்.

ஆகவே முதல் வேண்டுகோள், மாவட்ட அளவிலேயே ஓர் அறிவுறுத்தலாகத் தரக்கூடியது. வாயைப் பார்க்கும் ஒவ்வொருவரும் உதட்டையும் கன்னத்தையும் விரலால் விலக்கி, மேலும் கீழும் ஈறின் வெளிப்புறம், உட்புறம் இரண்டையும் பார்க்க வேண்டும். ஆடும் பல் உண்டா, ஓரிடத்தில் மட்டும் தடிப்போ புண்ணோ உண்டா, பல் எடுத்து இரண்டு மூன்று வாரம் கடந்தும் ஆறாத குழி உண்டா என்று மூன்றையும் படிவத்தின் குறிப்புப் பகுதியில் எழுத வேண்டும். வாய் முழுக்கப் பரவலாக ஈறு கெட்டிருந்தால் பல் மருத்துவரிடம் காரை எடுக்க அனுப்பலாம். ஒரே ஒரு பல்லைச் சுற்றி மட்டும், அதுவும் புகையிலை அதக்கும் பக்கத்தில் கெட்டிருந்தால் அவரைத் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும். இந்த வேறுபாட்டை ஒரு மதிய நேரப் பயிற்சியில் கற்றுக்கொடுத்துவிட முடியும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டுக்கே மாத்திரை கொண்டு போகிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஈறைச் சரிசெய்தால் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியும் சற்று இறங்குகிறது. ஈறு யாருக்குக் கெட்டிருக்க அதிக வாய்ப்பு உண்டோ அவர்கள் வீட்டு வாசலில் ஒவ்வொரு மாதமும் நம் பணியாளர் நிற்கிறார் என்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு. மாத்திரைப் பட்டையைக் கையில் கொடுக்கும்போது "பல்லு ஏதும் ஆடுதா, ஆச்சி?" என்று ஒரு வார்த்தை கேட்டால், நம் ஊர் ஆச்சிமார் மறைக்க மாட்டார்கள்.

பீடித் தொழிலாளர்களுக்கென்று முக்கூடலில் மத்திய அரசின் மருத்துவமனை இருக்கிறது. அது உங்கள் நேரடி நிர்வாகத்தில் இல்லை என்பது தெரியும். ஆயினும் மாவட்ட ஆட்சித் தலைவர் கேட்டால், அங்கே வரும் பெண்களுக்கு வாய், ஈறுப் பரிசோதனையை வாரத்தில் ஒரு நாளாவது நடத்த வழி செய்ய முடியும். கூலி விட்டுவிட்டு அவர்கள் நகரத்துக்கு வரமாட்டார்கள். காலையில் பீடி கொண்டுபோகும் வழியிலேயே பரிசோதனை இருக்க வேண்டும்.

இன்னொன்றைத் தனியாகக் கேட்கிறேன். புற்று உறுதியாகிக் கதிர்வீச்சுக்குப் போகும் ஒவ்வொரு தலை, கழுத்து நோயாளியையும் அதற்கு முன் பல் மருத்துவர் பார்த்தாக வேண்டும். காப்பாற்ற முடியாத பல்லைக் கதிர்வீச்சுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே எடுத்து, குழி ஆற விட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பின் உமிழ்நீர் வற்றி, எலும்பில் இரத்த ஓட்டம் குன்றிவிடுகிறது. அந்நிலையில் கெட்ட ஈறோடு இருக்கும் பல்லை எடுத்தால் தாடை எலும்பே செத்துப்போகும் அபாயம் உண்டு. புற்றிலிருந்து பிழைத்தவர் இதனால் ஆண்டுக்கணக்கில் சீழோடு அவதிப்படுவதை நான் கண்டிருக்கிறேன். சிகிச்சைத் தாளில் 'பல் பரிசோதனை முடிந்தது' என்று ஒரு முத்திரைக்கு இடம் வைத்தால் இதைத் தவிர்த்துவிடலாம். அரசு மருத்துவமனையோ தனியாரோ, புகையிலைப் பழக்கம் உள்ளவரின் ஆடும் பல்லை எக்ஸ்ரே பார்க்காமல் எடுப்பதில்லை, எடுத்த குழியைப் பதினைந்தாம் நாள் மறுபடி பார்க்காமல் விடுவதில்லை என்ற ஒழுங்கையும் சுற்றறிக்கையாக அனுப்பலாம். என்னையும் சேர்த்து எல்லாப் பல் மருத்துவர்களையும் அது கட்டுப்படுத்தட்டும்.

பணிச்சுமை கூடும் என்ற எதிர்ப்பு வரும் என்பதை அறிவேன். கிராம சுகாதாரச் செவிலியர்கள் ஏற்கெனவே சுமக்கும் பதிவேடுகள் எத்தனை என்பதும் தெரியும். அதனால்தான் புதிய பதிவேடு கேட்கவில்லை. மக்கள் பயந்துவிடுவார்கள் என்ற கவலையும் நியாயமானதே. ஈறில் இரத்தம் வந்தாலே புற்று என்று ஊரில் பரவிவிடக் கூடாது. ஈறு நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை. புகையிலையை விடுவதுதான் இன்றும் முதல் தற்காப்பு. அதற்கு ஈடாக எந்தக் காரை எடுப்பும் நிற்காது. பணியாளர்கள் இதைத் தெளிவாகவும் கனிவாகவும் சொல்லப் பழக வேண்டும், அதுவும் பயிற்சியின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

அந்தப் பயிற்சியை நடத்தித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த பல் மருத்துவர்களும் ஊதியமின்றி வரச் சம்மதித்திருக்கிறார்கள். நோயாளிகளின் அடையாளம் தெரியாமல் எடுத்த படங்களும், வாயை விலக்கிப் பார்க்கும் முறையை விளக்கும் செய்முறையும் எங்களிடம் உள்ளன. முக்கூடல், பாப்பாக்குடி, வீரவநல்லூர்ப் பகுதிப் பணியாளர்களிடமிருந்து தொடங்கலாம். வட்டார மருத்துவ அலுவலர் ஒரு நாளையும் ஓர் அறையையும் ஒதுக்கி, பணியாளர்கள் வருவதற்கு எழுத்துவழி அனுமதி தந்தால் போதும். தங்கள் அலுவலகத்திலிருந்து அந்த அனுமதி வருவதை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம் வட்டாரப் பல் மருத்துவர் ஒருவர்